எலி மூளையும் கல்லுப்பும்

எலியின் மூளையில் ஒரு பக்கம் காயம் பண்ணிவிட்டு, அங்கே நொதி கூடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதும் ஒரு பிழைப்புதான். ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். எங்கேயாவது உமி வாடை அடித்தால் போதும், கூண்டுகளில் உமி பரப்பியிருந்த சிதம்பரத்து எலிக்கூடத்துக்கு மனசு ஓடிவிடுகிறது.

கூடுதா, இல்லியா?

எலிகளுக்குத் தீனி வைத்தவர் கலியமூர்த்தி அண்ணன். அறுவை முடிந்த எலியைக் கூண்டில் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். அவர் கூண்டுக்கு மேலே சூட்டுக்குப் பல்பைப் போட்டு, அது கண் திறக்கிறவரை நகர மாட்டார்.

ஒரு நாள், அப்படி என்னதான் பார்க்கிறாய் என்றார். மூளையிலேயே நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு உண்டாகிறது, கொஞ்சம் இருந்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது, ஜாஸ்தியானால் நரம்பையே கொல்லும், காயம் பட்டால் அதை உண்டாக்கும் நொதி கூடுகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். "மூணு வருஷமா அறுக்கறியே பாப்பா, கூடுதா இல்லியான்னு இன்னும் தெரியலியா?"

ஐஸ் கம்பெனி

கடைசியில் பன்னிரண்டு எலிகளை மயக்கத்திலேயே கண் மூடவைத்தோம். அன்று அண்ணன் லீவு போட்டுவிட்டார். மூளைத்துண்டுகளை உறையவைத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, அளக்கும் கருவி இருந்த பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். உருகினால் நொதி போச்சு, மூன்று வருஷமும் போச்சு. இன்னும் பன்னிரண்டைக் கொல்ல எனக்கு மனசும் இல்லை.

கடலூர் முதுநகரில் பஸ் படுத்துவிட்டது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியதும் அழுகையே வந்துவிட்டது. ஆட்டோ பிடித்துத் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் என்ன மீன் என்று கேட்டார். எலி மூளை என்றேன். பெட்டியையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பழைய ஐஸைக் கொட்டிவிட்டு, ஐஸ் தூளோடு கல்லுப்பைக் கலந்து இறுக்கினார். "வெறும் ஐஸ் தாங்காதும்மா. உப்பு போட்டா குளிரு இன்னும் எறங்கும், உள்ள இருக்கறது கல்லு மாதிரி நிக்கும், எறாவா இருந்தா என்னா, மூளையா இருந்தா என்னா."

ஒரு போன்

கூடியிருந்தது. உருகாமல் வந்து சேர்ந்த பன்னிரண்டிலும், காயம் பட்ட பக்கத்தில் நொதி நன்றாகவே கூடியிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணன் சொன்னார்: "அப்ப நம்ம புள்ளைங்க சும்மா சாவல."

ஆய்வேட்டில் 'மாதிரிகள் உறைநிலையில் எடுத்துச் செல்லப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த வரியில் மீன் வாடை அடிப்பது எனக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும்.