அறுபத்திரண்டில் நின்ற கோடு

பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு டிப்போவில் ‘கறாரக்கா’ என்று பெயர். நிறுத்தம் இல்லாத இடத்தில் மேலாளரே கை காட்டினாலும் வண்டி நிற்காது. ஒருமுறை அவர் காட்டினார், நிற்கவில்லை. அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஒருநாள் காலை எட்டேகாலுக்கு, பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஆள் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சைக்கிள்காரர் வண்டியின் பக்கவாட்டில் மோதி முழங்கையை உடைத்துக்கொண்டார். நின்ற வண்டியில் போய் மோதினேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். பேருந்து வேகமாக வந்து இடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் ஒரு தாளை மேசைமேல் வீசினார். வண்டியிலுள்ள கருவி வரைந்த கோடு அது. கீழே மணி, பக்கத்தில் கிலோமீட்டர்.

“எட்டேகாலுக்குக் கோடு எங்க இருக்கு பாரு. அறுபத்திரண்டு! பள்ளிக்கூட வாசல்ல அறுபத்திரண்டுலயா ஓட்டுவ?”

“வண்டி நின்னுட்டு இருந்துச்சு சார்.”

“அப்போ மிஷின் பொய் சொல்லுதா?”

விசாரணை வரை வேலை கிடையாது என்றார். ஓய்வறையில் இருந்த ஓட்டுநர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும், “ஆடுன ஆட்டம் என்ன!” என்று சுவரிடம் சொன்னார்.

அவளுடைய நாத்தனார் இயற்பியல் ஆசிரியை. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேறு வழியில்லாமல் தாளின் நகலோடு போய் நின்றாள். நாத்தனார் உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க மேலாளர் எத்தனாவது வரைக்கும் படிச்சாரு அண்ணி? இது வேகம் இல்ல, காலைலேர்ந்து ஓடுன தூரம். கோடு எவ்ளோ உயரத்துல இருக்குன்னு பாக்காதீங்க, எவ்ளோ சாய்வா ஏறுதுன்னு பாருங்க. செங்குத்தா ஏறுனா வேகம். படுத்துக் கிடந்தா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். எட்டேகாலுக்குக் கோடு படுத்துத்தான் கிடக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“பத்து நிமிஷத்துல மூணு கிலோமீட்டர். மணிக்குப் பதினெட்டு. ஆமை.” தாளை நீட்டினாள். “இப்பவாவது படிப்போட அருமை தெரிஞ்சுதா?”

கறாரக்கா தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மேலாளர் கோட்டைக் காட்டி முழங்கி முடித்ததும் கறாரக்கா தாளின் கடைசி ஓரத்தில் விரல் வைத்தாள்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெட்டுல வண்டியப் பூட்டியாச்சு. கோடு நூத்தி நாப்பதுல இருக்கு. பூட்டுன வண்டி நூத்தி நாப்பதுல ஓடுச்சா சார்?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளரின் முகம் கறுத்துப் போனது.

அரை மணி நேரத்தில் உத்தரவு தயாரானது: ‘எச்சரித்து மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார்.’

“எதுக்கு எச்சரிக்கை?”

“அது வழக்கமா போடுற வார்த்தைம்மா. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு,” என்றார் மேலாளர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலாளர் பேனாவை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, அந்த வார்த்தையை அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.