சொல்லிக்காட்டாத அக்கா

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் அக்கா 'டீச்சர்'. மீதிப் பேருக்கு அண்ணி, பெரியம்மா, அம்மா. அக்கா என்று அழைக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது, ஏனென்றால் அவருக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஓராண்டு நினைவுக்கு மலர் போடுகிறோம், கட்டுரை எழுதித் தாருங்கள் என்று அக்காவின் மகள் வந்து நின்றபோது, "நாடகத்தைப் பத்தி எழுதணும்னா மேடை ஏறினவங்களைக் கேளும்மா. நான் பின்னால நின்னு தேத்தண்ணி கலக்கினவ," என்றேன். "அதனாலதான் சித்தி உங்களைக் கேக்கறேன். அங்கேருந்துதான் எல்லாம் தெரியும்," என்றாள். தாயின் வாய் அப்படியே பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது.

சென்ற ஆண்டு அக்கா மறைந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் அழுதார்கள், அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இனிமே நாடகம் என்னாகும்?" எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அது அக்காவே தன் கடைசி ஆண்டுகளில் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த கேள்விதான். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இருந்தாலும் முறைப்படி பிறந்த ஊரிலிருந்து தொடங்காவிட்டால் அத்தான் கோபித்துக்கொள்வார்.

அக்கா ஜொகூர் மாநிலத்தில், பொந்தியானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் சேர்த்தார்கள். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது, அக்காவுக்கோ இடைநிலைப்பள்ளிப் படிப்பு முடியவில்லை. விடியலில் சோறு ஆக்கி, எனக்குத் தலை பின்னி, பள்ளிப் பேருந்துக்கு ஓடி, திரும்பி வந்து துணி துவைத்து, அப்படியும் படித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். இதை எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் நான் அறிந்துகொண்டேன். 'உன்னை நான்தான் வளர்த்தேன்' என்று ஒரு நாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. நானாக இருந்தால் தினமும் மூன்று வேளை சொல்லியிருப்பேன்.

பண்டார் தெங்காரா பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகி வந்த இடத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தானைக் கண்டு திருமணம் செய்துகொண்டார். டீச்சர் போய் லோரிக்காரரைக் கட்டிக்கொள்வதா என்று உறவில் முணுமுணுத்தார்கள். "நான் பேசினா அவரு காது கொடுத்துக் கேக்கறாரு. உங்க மாப்பிள்ளைங்க கேக்கறாங்களா?" என்று அக்கா ஒரே கேள்வியில் எல்லார் வாயையும் அடைத்தார்.

நாடகம் அவர் தேடிப் போனதல்ல. அங்கே கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ராஜா நாடகம் போடுவது வழக்கம். ராணி வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். ஓர் ஆண்டு நடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. பாதி ஆண்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். விடியுமுன் புறப்படுகிறவர்கள் எப்போது ஒத்திகைக்கு வருவது? "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாங்க பள்ளிக்கூட வாசல்ல சும்மா நிக்கிறாங்களே," என்று அக்கா கோயில் தலைவரிடம் சொன்னார். தலைவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். எங்கள் வட்டாரத்தில் பெண்களே நடத்திய முதல் நாடகம் அப்படித்தான் உருவாயிற்று.

அப்போது அக்காவும் மற்ற வாத்தியார்களைப் போலத்தான் பழக்கினார். தான் ஒரு வரியை உரக்கச் சொல்வார், அவர்கள் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். மகாராணியாக நடித்தவர் கன்னியம்மா, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். போரில் வென்று திரும்பும் இளவரசனாக நடித்தவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்த சரோஜா. இளவரசன் வாளோடு உள்ளே வந்ததும் மகாராணி, "வருக மகனே, அமுதுண்டு களைப்பாறுக," என்று சொல்ல வேண்டும். கன்னியம்மாவுக்கு வசனம் மறந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த பிள்ளையிடம் இங்கே எந்தத் தாயும் கேட்பதை அவரும் கேட்டுவிட்டார்.

"பசியாறிட்டியாய்யா?"

சரோஜாவும் யோசிக்கவில்லை. "ஆச்சும்மா. வர்ற வழியில ரொட்டி சானாய் சாப்பிட்டேன்."

"அது எந்த மூலைக்குப் பத்தும்? சோறு போடறேன் உக்காரு."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாடகம் முடிந்ததும், "ராஜா வீட்டுல ஏது டீச்சர் ரொட்டி சானாய்?" என்று கேட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நானும் அத்தானும் நினைத்து நினைத்துச் சிரித்தோம், அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மாவு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "நான் சொல்லிக்கொடுத்த வசனம் அத்தனையும் ஜனங்களைப் பார்த்துச் சொன்னாங்க. அந்த நாலு வார்த்தையை மட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பேசினாங்க. நீ கவனிச்சியா?" நான் கவனிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அக்கா யாருக்கும் வசனம் சொல்லிக்காட்டியதில்லை. உதவியையும் சொல்லிக்காட்டாதவர், வசனத்தையும் சொல்லிக்காட்டாதவர் என்று நான் கேலி செய்வேன். ராஜா ராணியும் போய்விட்டார்கள். மாமியார் மருமகள், விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலம் கடந்து வேலைக்குப் போகும் கணவன், ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடித்த பெண்ணை மேலே படிக்க வைப்பதா என்ற சண்டை, இவைதான் நாடகமாயின. கதையை அக்கா சொல்வார், பேச்சை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். "இதை எப்படிச் சொல்லணும் டீச்சர்?" என்று யாராவது கேட்டால், "உன் வீட்டுல எப்படிச் சொல்லுவே?" என்று திருப்பிக் கேட்பார். கூடத்தின் கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சரியாக வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். வராவிட்டால் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமலே பலர் நன்றாக நடித்தார்கள்.

எல்லாரும் கைதட்டிவிடவில்லை. வீட்டு விவகாரத்தை வெளியில் கொட்டுகிறார்கள் என்று கணவன்மார் சிலர் சத்தம் போட்டார்கள். ஜொகூர் பாருவில் ஒரு போட்டிக்குப் போனபோது, மொழி கொச்சையாக இருக்கிறது என்று சொல்லிப் பரிசில்லாமல் அனுப்பினார்கள். திரும்பும் வேனில் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா கேட்டார்: "அந்த நீதிபதி எந்த இடத்துல எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாரு?" கன்னியம்மாதான் பதில் சொன்னார்: "மாமியா கோவத்துல சட்டியை டொக்குன்னு வைக்கிற இடத்துல டீச்சர். சிரிக்கக்கூட செஞ்சாரு லா." அதற்குப் பிறகு பரிசைப் பற்றி யாரும் பேசவில்லை. பின்னாளில் பல பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து அக்காவிடம் நாடகம் பழகிப் போனார்கள். அவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் பேசினார். குரல் ஏற்கெனவே காற்றாகிவிட்டிருந்தது. "நான் இல்லேன்னா நாடகம் நின்னுடும்னா, இத்தனை வருஷமா நான் யாருக்கும் ஒண்ணும் கத்துக்கொடுக்கல, சும்மா வேடிக்கை காட்டியிருக்கேன்னு அர்த்தம்." சாவைப் பற்றி அவர் பயந்து நான் பார்த்ததில்லை. இதற்குப் பயந்தார்.

குரல் முழுவதுமாகப் போய்விட்டது. ஆனால் ஒத்திகை நிற்கவில்லை. வாயால் பாடம் நடத்தாதவருக்குக் குரல் போனால் என்ன? பெண்கள் தங்கள் பாட்டுக்கு நடித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லாத் தலைகளும் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பும். அக்கா தலையை ஆட்டினால்தான் அடுத்த காட்சி. இது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, அக்காவோடு சேர்த்து நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த நிலையில் அவர் எழுதிக் காட்டி உருவாக்கியதுதான் கடைசி நாடகம். மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தாய் தனித்திருக்கும் கதை. தாயாக நடித்தவர் சரோஜா. இரண்டாம் காட்சியில் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் துணிகளை மடித்துக்கொண்டே இருப்பாள், வெகுநேரம். அக்காவுக்கு அது உயிர். நீளம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியைக் கடைசியில் சொல்வதுதான் வழக்கம். கடைசியில் சொல்ல எனக்கு வேறொன்று இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவை அலுக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறும் குழம்பும் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கிய கோயில் இளைஞர்களுக்கும், மழையிலும் இறுதி ஊர்வலத்தில் கூடவே நடந்துவந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முன்பு சத்தம் போட்ட கணவன்மார்களே அன்று அக்காவைச் சுமந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

அக்கா மறைவதற்கு முன்பே மூவாரில் ஒரு மண்டபத்தில் நாடகம் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த நாள் கருமாதிக்கு முன்பே வந்துவிட்டது. கன்னியம்மாவும் மற்றப் பெண்களும் வீட்டுக்கு வந்து அத்தான் முன்னால் நின்றார்கள். உறவினர் ஒருவர், "கருமாதி முடியாம ஆட்டம் பாட்டமெல்லாம் எதுக்கு?" என்றார்.

கன்னியம்மா குரலை உயர்த்தவில்லை. "ஆட்டம் பாட்டம் இல்லீங்க. டீச்சரு வர்றோம்னு சொல்லிட்டாங்க. போகணும்."

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய் வேன் சாவியைக் கொண்டுவந்தார். "பிரேக் கொஞ்சம் தாமசமாத்தான் பிடிக்கும். பார்த்து ஓட்டச் சொல்லுங்க," என்றார். அக்கா போனபிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

துக்கத்தில் இருந்ததால் நானும் அத்தானும் போகவில்லை. மாலையில் கன்னியம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "முடிஞ்சிடுச்சு தங்கச்சி. நல்லபடியா முடிஞ்சிடுச்சு. சாப்பிட வந்திருக்கோம்," என்றார். டீச்சர் இறந்ததை அங்கே மேடையில் சொல்லவில்லையாம். "பரிதாபப்பட்டுக் கைதட்டிடுவாங்க, வேணாம்னு விட்டுட்டோம்." பேசிவிட்டு, அழைப்பை நிறுத்தாமல் போனை மேசையில் வைத்துவிட்டார். நான் ஒலியைக் கூட்டி அத்தான் பக்கம் வைத்தேன். மீ பண்டோங் தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் பேச்சு கேட்டது.

"ரெண்டாவது காட்சி இழுக்குதுக்கா. பிள்ளைங்க எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சுங்க."

"டீச்சர் வச்ச காட்சி லா அது."

"டீச்சர் வச்சாங்க, சரி. மடிக்கிறது நான்தானே? அங்கே நிக்கிறப்ப எனக்கே தெரியுது, பாதியில ஜனங்க போயிட்டாங்க. எடுத்துட்டா கதை கெட்டா போயிடும்?"

"கெடாது. ஆனா மக போனது எப்படித் தெரியும்?"

"ரெண்டு தட்டு வச்சிட்டு ஒண்ணைத் திரும்ப எடுத்து வைக்கிறேன். போதாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவின் சாம்பலைக் கரைத்து இன்னும் ஈரம் காயவில்லை, அதற்குள் அவர் உயிராக வைத்திருந்த காட்சியில் கை வைக்கிறார்களே என்று இருந்தது. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போன் பக்கம் குனிந்து, "துணி மடிக்கிறதை மொத்தமா எடுத்துடுங்க. தட்டு போதும்," என்றார்.

அந்தப் பக்கம் யாரோ போனை வெடுக்கென்று எடுத்தார்கள். பிறகு கன்னியம்மா, "அலமாக், அண்ணே, கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்றார். அடுத்த கணம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தட்டை எந்தப் பக்கம் வைப்பது, யார் எப்போது உள்ளே வருவது என்று அத்தானும் அவர்களும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். அக்கா மருத்துவமனையில் பயந்ததற்குப் பதில் வந்துவிட்டது.

போன மாதம் குளுவாங்கில் அந்த நாடகத்தைத் துணி மடிக்கும் காட்சி இல்லாமல் போட்டார்கள். நான் முதன்முறையாகத் தேத்தண்ணிப் பாத்திரத்தை விட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முன்பைவிட நன்றாக இருந்தது. அதை அக்காவிடம் சொல்லத்தான் வழியில்லை.