சுந்தரியின் புள்ளிக்குட்டி

பேய், பிசாசு, கழிப்புக் கழிக்கிறது என்று எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. சண்டைக்காலம் முழுக்க இந்தத் திருகோணமலையிலேயே இருந்தவள் நான், மனுசருக்குப் பயந்தே காலம் போய்விட்டது, பேய்க்குப் பயப்பட எங்கே நேரம்? கோயிலுக்கு நேர்த்தி வைப்பேன், அது வேறு கதை. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள், நான் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன்.

என் மகள் வாசுகிக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. மூன்றாம் தரம் தங்கியதும், பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் எங்கள் ஆடு சுந்தரி போடும் முதல் குட்டியை அம்மன் கோயிலுக்கு உயிரோடு விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற வீதியிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கையில். கோட்டைப் பக்கத்து மான்கள் பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கைவரை வரும், மரக்கறிக் கழிவைத் தின்னும், சுந்தரியோடு சேர்ந்து படுத்துக் கிடக்கும். இங்கே அதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

வாசுகிக்கு எட்டு மாதம் நடக்கும்போது சுந்தரி ஈன்றது. குட்டிக்கு முகம் ஆடு. முதுகு முழுக்க வரிசையாக வெள்ளைப் புள்ளி, ஈர்க்கில் போலக் கால், வால் மானின் வால். நான் மிருக வைத்தியரைக் கூட்டிவந்து காட்டினேன். குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும், வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து குட்டி தங்குவதே அபூர்வம், ஆட்டுக்கும் மானுக்கும் பிறக்கவே பிறக்காது, இது புள்ளி விழுந்த ஆடு, அவ்வளவுதான் என்று அவர் சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் குட்டி கத்தியது. ஆட்டின் சத்தமே இல்லை, மான் வெருண்டால் குரைக்குமே, அந்த ஒற்றைக் குரல். மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

பக்கத்து வளவில் இருக்கும் என் அண்ணனுக்கு அது போதும். அடுத்த நாள் சாக்கோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில இது கூடாது. கடல்ல போட்டிட்டு வாறன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பிறந்து ஒரு நாளான உயிர் உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டேன். அவர் கேட்கிறபாடு இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நேர்ந்து விடுகிற ஆட்டுக்கு இடது காதின் ஓரத்தில் சின்னதாய் ஒரு துண்டு வெட்டுவோம், அந்த அடையாளம் பட்ட ஆட்டில் பிறகு எவனும் கைவைக்க மாட்டான். ஆனால் கேட்டது கிடைத்த பிறகுதான் வெட்டவேண்டும். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஓர் உயிரில் கத்தி படவும் கூடாது. எல்லாம் தெரியும். தெரிந்தும் குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்து, அண்ணனின் கண்முன்னாலேயே வெட்டினேன்.

"இது இனி அம்மன்ர. ஏலுமெண்டா தொட்டுப் பாருங்கோ."

குட்டி கத்தவில்லை. வீட்டுக்குள் வாசுகி கத்தினாள், பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆட்டோ பிடிக்க நான் படலையைத் திறந்தால், வாசலில் மான்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும், காலடியில் பூசணித்தோல் கிடக்க அதை மோந்தும் பாராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. பட்டப்பகல், மூன்று மணி. பக்கத்தில் அண்ணனும் நின்று பார்த்தார், வேண்டுமென்றால் கேளுங்கள். அவரும் நானும்தான் வாசுகியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், விடியும்வரை அவர் என் பக்கத்தை விட்டு அசையவில்லை. அதனால் அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது படலை பூட்டியபடி, குட்டியைக் கட்டிவிட்டுப் போன கயிறு முடிச்சு அவிழாதபடி. குட்டி இல்லை.

பேத்தி ஒரு மாதம் முந்திப் பிறந்தாலும் நல்ல சுகமாய்த்தான் இருந்தாள். இடது காதின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் துண்டு இல்லை. பிறவியில் சிலருக்கு இப்படி வரும் அம்மா என்றார் டொக்டர். நானும் ஓம் என்று கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய?

போன தையில் காது குத்தினோம். குத்த வந்த ஆசாரி, வயது போன மனுசன், பிள்ளையின் காதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது பிறவி இல்லை. கத்தி பட்டு ஆறின தழும்பு. ஆர் வெட்டினது?"

வாசுகி என்னைப் பார்த்தாள். அண்ணன் நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினனான்," என்றேன். "நீங்கள் குத்துங்கோ."

அன்று பின்னேரமே அம்மன் கோயிலுக்குப் போனேன். உனக்கு நேர்ந்தது குட்டியை, அது உன்னிடம் வந்துவிட்டது, இவளை நான் நேரவில்லை, தரவும் மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். கும்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே படலையைப் பூட்டிப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பேன். மான்கள் வரும். பிள்ளை அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை, தன்பாட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பாள். அந்த இடது காது மட்டும் ஈ இலையான் கலைக்கிற ஆட்டின் காது போல நிமிர்ந்து, மான்கள் நிற்கும் பக்கம் தானாகத் திரும்பும்.