வராதவரைப் பார்க்கப் போகிறவன்

தையல்காரம்மாவுக்கு ஊசியைவிட வாய் கூர்மை. அந்த வாயும் புருஷன் செத்த அன்று அடைத்துப்போனது. சாமி இல்லை என்று சொல்லித் திரிந்த மனுஷனாம், சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். தூக்கிப்போய் அடக்கம் செய்தது அவர் போய்வந்த மனிதநேயக் கூட்டத்து ஆட்கள்தான். அன்றிலிருந்து தையல்காரம்மாவுக்கு அந்தக் கூட்டம்தான் பிறந்த வீடு. தன் தையல் கடைக்கு மேலே இருந்த மாடியறையை அவர்களுக்கே விட்டுவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் கூடுவார்கள். சாமி உண்டா இல்லையா என்ற பேச்சு டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போனது, கேரம் போர்டில் யார் அழுகுணி ஆட்டம் ஆடினார் என்பதுதான். மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவுக்குத் தாழ் கிடையாது. புதிதாக வருகிறவரை யார் எவர் என்று கேட்பதும் இல்லை. யாராவது வரவில்லையென்றால் மறுநாள் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மழைக்காலத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. குடித்த கிளாஸை அவனே கழுவி வைப்பான். "எனக்கு வேலை கம்மிதான், நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வராதவர் வீட்டுக்கெல்லாம் கிளம்பினான்.

"தங்கமான புள்ள" என்றார் கூட்டத்துக்கு வரும் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர்.

"ரைட் சொல்லியே பழகின வாய் அண்ணே உங்களுக்கு" என்று தையல்காரம்மா சிரித்தார்.

ஜலதோஷம் என்று கூட்டத்து டீச்சர் ஒரு வாரம் வரவில்லை. அவன் பார்த்துவிட்டு வந்தான். டீச்சர் அப்புறம் வரவே இல்லை. அடுத்து நின்றுபோனது எலக்ட்ரீசியன். அதற்கடுத்து கண்டக்டர்.

தைத்த சட்டையைக் கொடுக்கிற சாக்கில் தையல்காரம்மா எலக்ட்ரீசியன் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது.

"என்ன தம்பி, பாக்க வந்தவன் அடிச்சானா?"

"இல்லக்கா. டீ குடிச்சான். என் பொண்ணு ஸ்கூல் விடுற நேரம், அவ திரும்புற சந்து, எல்லாத்தையும் சொன்னான். 'சாமியில்லாத கூட்டத்துக்கெல்லாம் எதுக்குப் போறீங்க'ன்னு கேட்டான். அவ்ளோதான். போங்கக்கா, யாராச்சும் பாத்துடுவாங்க."

அந்த ஞாயிறு தையல்காரம்மாவுக்கே காய்ச்சல், மாடி ஏறவில்லை. மறுநாள் காலை அவன் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உங்க பையன் மில்லு விட்டு பாலத்து வழியாத்தானே வர்றாரு? அங்க விளக்கே எரியறதில்லையேம்மா."

 தையல்காரம்மாவுக்கு இருப்பது ஒரே மகன். மாடிக் கூட்டத்தை நிறுத்திவிட்டால் மகனுக்கு ஒன்றும் ஆகாது. நிறுத்தினால், தான் செத்தாலும் தூக்க ஆளிருக்காது. ராத்திரியெல்லாம் புரண்டார். விடிந்ததும் காய்ச்சலோடு எழுந்து வீடு வீடாகப் போனார்.

"ஒவ்வொருத்தரையும் தனியா வச்சுத்தான் பயம் காட்டுறான். எனக்குச் சொன்னதை நான் சொல்லிட்டேன். உங்களுக்குச் சொன்னதை மாடியில வந்து அவன் முன்னாடியே சொல்லுங்க. பொண்ணு புள்ளைங்களையும் கூட்டிட்டே வாங்க." யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. மகனைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு எல்லா நாற்காலியையும் போட்டார். முதலில் வந்தவன் அவன்தான். அவனுக்கும் டீ ஊற்றினார். 

மரப்படி கிரீச்சிட்டது. எலக்ட்ரீசியன், மகள் கையை இறுகப் பிடித்தபடி. பின்னால் டீச்சர். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கண்டக்டர்.

"இப்ப சொல்லுங்க" என்றார் தையல்காரம்மா.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.  அவன் கடைசி மடக்கு டீயைக் குடித்தான், கிளாஸைக் கழுவி வைத்தான், ஜன்னலைத் திறந்து தெருவில் நின்ற தன் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான்.

"எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்க. நல்லதாப் போச்சு" என்றான்.

கீழே தாழ் இல்லாத கதவு திறந்தது. படியில் நிறைய கால்கள் ஏறின. தையல்காரம்மா எலக்ட்ரீசியன் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.