சந்திரமதி சொல்லாமல் விட்டது

அந்தமானில், சௌல்தாரி ஊரில் சந்திரமதிக்கு வெட்கங்கெட்டவள் என்று ஒரு பேர் உண்டு. இந்தி தெரியாத தமிழ்ப் பெண்கள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளைத்தான் துணைக்கு அழைப்பார்கள். டாக்டர் சொன்னதில் ஓர் எழுத்து விடாமல் தமிழில் சொல்லிவிடுவாள், பக்கத்தில் ஆம்பிளை நின்றாலும் சரி. அழைத்துப் போனவர்களே திரும்பி வந்து, "அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன" என்று சிரிப்பார்கள். பதினேழு வயதில் அந்த வாய்க்குப் பூட்டுத்தான் இருந்தது.

அது அறுபத்தாறாம் வருஷம். அவள் அத்தை விசாலாட்சி கருப்பைவாய்ப் புற்றுக்கு மெட்ராஸில் ரேடியம் வைத்துக்கொண்டு கப்பலில் திரும்பியிருந்தாள். அங்கே அவளைத் தனி அறையில் படுக்கவைத்து, உள்ளே ரேடியத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். நர்ஸ்கூட வாசலில் நின்றே பேசினாளாம். "அந்த நெருப்பு இன்னும் உள்ளதான் கிடக்கு" என்று அத்தை அடிவயிற்றில் கை வைத்துச் சொல்வாள்.

ஒரு மாதம் கழித்துப் போர்ட் பிளேரில் காட்டப் போனார்கள். லேடி டாக்டர் வங்காளத்துக்காரி, பேசுவது இந்தியில். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான். மாமா ஜம்புலிங்கம் ரோடு வேலை மேஸ்திரி. அவருக்கு இந்தி வரும், ஆனால் பொம்பளை வார்டுக்குள் எப்படி வருவார்? ஆகவே, தமிழ்ப் பள்ளியில் ஐந்து வகுப்பும் இந்திப் பள்ளியில் ஆறு வகுப்பும் படித்த அண்ணன் மகளை அத்தை உள்ளே கூட்டிப் போனாள்.

மூத்திரம் எரியும், அடக்க வராது, போகப் போகக் குறையும் என்றாள் டாக்டர். பயந்துகொண்டு தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மணி பார்த்துப் போய்வர வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ கண்டால் உடனே வர வேண்டும். இதையெல்லாம் சந்திரமதி சொன்னாள்.

பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தாள். ரேடியத்தை அங்கேயே எடுத்தாயிற்று, உடம்பில் எதுவும் மிச்சமில்லை. இந்த நோய் புருஷனுக்குத் தொற்றாது. புண் ஆறினதும் இருவரும் சேரலாம். சேராமலே விட்டால் உள்வழி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சேரும்வரை, எண்ணெய் தொட்ட விரலால் தானே மெல்ல விரித்துவர வேண்டும்.

சந்திரமதிக்குக் காது மடல் கொதித்தது. தரையைப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரம் என்னடி சொன்னாங்க?" என்றாள் அத்தை.

"ஜாக்கிரதையா இருக்கச் சொல்றாங்க அத்தை."

அத்தை ஜாக்கிரதையாக இருந்தாள். மாமாவின் பாய் முன்னறைக்குப் போனது. தட்டும் தம்ளரும் தனியாயின. நாலு வயசு மகள் சுசீலா மடியேற வந்தால், "தள்ளி நில்லு தாயி, சுடும்" என்றாள். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே. வேறு தீவிலுள்ள ரங்கத் பக்கம் ரோடு வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, மாசத்துக்கு ஒருமுறை வந்து போனார்.

சொல்லாமல் விட்ட அந்தப் பேச்சு சந்திரமதியை விடவில்லை. தண்ணீர் இறைக்கும்போது டாக்டரின் குரலிலேயே காதில் விழும். கடைவீதியில் எவளாவது இந்தியில் குரல் தணித்துப் பேசினால் உடம்பு தூக்கிப்போடும். சொல்லிவிடலாம் என்று அத்தை வீட்டுக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அத்தை வீட்டின் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், நனைந்த துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியில் மூத்திர வாடை. திரும்பி வந்துவிட்டாள். அடுத்த முறை டாக்டரே சொல்லுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. முதல் பயணத்தில் அத்தை நடுவழியில் பஸ்ஸை இரண்டு தடவை நிறுத்தியிருந்தாள். "அம்மாவுக்குப் புதர் புதரா ஸ்டாப் போட்டுரலாமா பாய்?" என்று கண்டக்டர் டிரைவரைக் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அதன்பின் மூன்று வருஷம் அவள் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சந்திரமதிக்குக் கல்யாணம் ஆனது. அன்று தான் விழுங்கியது எவ்வளவு பெரியது என்று அதன் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தபின் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

அறுபத்தொன்பதில் அத்தையின் சேலையில் ரத்தம் பட்டது. நோய் திரும்பிவிட்டது என்று வீடு முழுக்க அழுகை. மாமா ரங்கத்திலிருந்து ஓடி வந்தார். மறுபடி அதே அறை, அதே டாக்டர். பரிசோதித்தபோது அத்தை சந்திரமதியின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்தாள். நோய் இல்லை. உள்தோல் மெலிந்து கீறியிருக்கிறது. வழி ஏறக்குறைய அடைத்துவிட்டது.

"மூன்று வருஷம் முன்னால் நான் சொன்னேனே, ஏன் செய்யவில்லை? கேள் அவளை" என்றாள் இந்தியில்.

"வந்திருச்சாடி?"

"நோய் வரலை அத்தை."

"பெறகு அவங்க மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அத்தைக்குத் தெரியவே போவதில்லை. சந்திரமதி சுவரைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் இன்று கேட்டதையும் அன்று சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நான்தான் அத்தை சொல்லாம விட்டேன். வெக்கமா இருந்துச்சு."

"அப்ப நெருப்பு இல்லையா?"

"இல்ல அத்தை."

"எப்பருந்து இல்ல?"

"மெட்ராஸ்லயே எடுத்துட்டாங்க."

"எம்பிள்ளைய மடியில வைக்கலையேடி" என்றாள் அத்தை. அடித்திருந்தால் சந்திரமதிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இனிமே என்ன செய்யணுமாம்? கேளு. முழுசாச் சொல்லு."

வழவழப்பான சிறு கண்ணாடிக் குழல் ஒன்று தருவதாக டாக்டர் சொன்னாள். எண்ணெய் தடவி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. பழையபடி ஆகாது, ஓரளவு ஆகலாம். சந்திரமதி ஒன்றையும் விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை மாமாவின் சீட்டிலேயே போய் உட்கார்ந்தாள். மாமா பழக்கதோஷத்தில் ஜன்னலோடு ஒண்டினார். அத்தை அவர் காதருகில் குனிந்து பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. பின்சீட்டிலிருந்த சந்திரமதிக்கு அவர் பிடரிதான் தெரிந்தது. ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

சௌல்தாரியில் இறங்கும்போது படியில் அத்தை தடுமாறினாள். மாமாவின் கை நீண்டு, பாதியில் நின்றுவிட்டது. அத்தைதான் எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரல்கள் உடனே மடங்கவில்லை.