இறால் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ராக் குழு

செங்கல்பட்டில் விலங்கியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை கடப்பாக்கத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில். ஹேச்சரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மதுராந்தகத்தில் வீடு. காலையில் செய்யூர் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தால் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்விடலாம். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு, விளக்கொளியில் பிடித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் குஞ்சுகள் ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

எங்கள் ஹேச்சரியை ஒட்டி இன்னொரு ஹேச்சரி மூடிக்கிடந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, உள்ளே வரிசையாகக் காலித் தொட்டிகள். ஒருநாள் அதன் முன்னால் ஒரு சின்ன சரக்கு வண்டி வந்து நின்றது. மூன்று பேர் பெட்டிபெட்டியாக இறக்கினார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு அங்கிருந்து வந்த சத்தத்தில் என் கையிலிருந்த குவளைத் தண்ணீர் நடுங்கியது.

முதலாளி பதறிவிட்டார். இறால் குஞ்சுக்கு அதிர்வு ஆகாது, வெளிச்சம் ஆகாது, அந்நிய ஆள் வாசம்கூட ஆகாது என்று நம்புகிறவர் அவர். "நீ போய்ச் சொல்லிட்டு வாம்மா. நான் போனா சண்டையாயிடும்" என்றார்.

போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. உள்ளே அவருடைய மகள் பாடிக்கொண்டிருந்தாள். கையில் பேஸ் கித்தார், தலையில் சரியாத முக்காடு. அவளுக்கு இடப்பக்கம் கித்தார் வாசித்தவர் அந்தக் கடலோரத்துக் குப்பத்துக்காரர், மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுப்பவர். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவர் திருப்போரூரில் ஏசி மெக்கானிக். இதையெல்லாம் அவர்களாகத்தான் சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சத்தத்தைக் குறைக்க முடியுமா?"

"இன்னா மேடம், எறா குஞ்சுக்குக் காது கீதா?" என்றார் கித்தார்க்காரர்.

"காது இல்லை. அதிர்வு தெரியும்."

"செத்துப்போச்சா எதுனா?"

"இன்னும் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வாரம் பாருங்க. ஒண்ணு ரெண்டு செத்தாக்கூட நாங்க காலி பண்ணிக்கிறோம்" என்றார்.

ஒரு வாரம் பார்த்தேன். குஞ்சுகள் எப்போதும் போலத் தின்றன, எப்போதும் போல வளர்ந்தன. முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் பகல் தீவன வேளைக்குப் பிறகு வாசிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் எனக்குத்தான் ஏதோ ஆகியிருந்தது. நான் அதுவரை கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு. கல்லூரியில் ஒரு தோழி ஆங்கில ராக் பாடல்களைக் காதில் மாட்டிவிடுவாள். எனக்கு ஒட்டாது, கழற்றிக் கொடுத்துவிடுவேன். இங்கே நான் மாட்டாமலே சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

சொல்லப்போனால் ஆரம்பத்தில் அவர்கள் நன்றாக வாசிக்கவில்லை. வேறு யாரோ வாசித்ததை இன்னும் சத்தமாக வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் பாடுவார்கள். அந்த ஆங்கிலத்தில் பாதி சொற்கள் பாடுகிறவளுக்கே புரியவில்லை என்று ஒருநாள் ஒப்புக்கொண்டாள். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். அவர் நாள் தவறாமல் மகளைத் தன் கடை வண்டியில் அழைத்து வந்து, முடியும்வரை காத்திருந்து கூட்டிப்போவார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங் காதுல இது ஏறலம்மா" என்றார். "ஆனா கடையில உக்காந்திருக்கும்போது அவ மூஞ்சி வேற. இங்க வேற. அதுக்குத்தான் வரேன்."

எங்கள் ஹேச்சரியின் காற்று இயந்திரம் இரவு பகலாக ஓடும். தொட்டிகளுக்குக் குழாய் வழியே காற்று போகாவிட்டால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். அந்த இயந்திரத்தின் ரீங்காரம் ஒரே சுருதியில் அவர்களுடைய கொட்டகைக்குள்ளும் கேட்கும். கித்தார் தந்திகளை முறைப்படி சுருதி சேர்த்தால் அந்த ரீங்காரத்தோடு உரசியது. கித்தார்க்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "அத்த நிறுத்த முடியாது. நாமதான் எறங்கி வரணும்" என்று தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினார். அன்றைக்கு அவர்கள் வாசித்தபோது, எங்கள் இயந்திரம் நாலாவது ஆளாக அந்தக் குழுவில் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. பல வருடங்கள் கழித்து, அவர்களுடைய முதல் பாடல் தொகுப்பின் சுருதி ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று இணையத்தில் பலர் பெரிய பெரிய காரணங்கள் எழுதினார்கள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவர்களை மாற்றியது சித்திரை மாதத்தில் ஒரு நண்பகல்.

முதலாளி மரக்காணம் போயிருந்தார். வேலையாட்கள் இருவர் சாப்பிடப் போயிருந்தார்கள். சாலை முனையில் மின்மாற்றி வெடித்த சத்தம் கேட்டது. காற்று இயந்திரம் நின்றது. ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினேன். இருமியது, நின்றது. மறுபடி கிளப்பினேன், அதுவும் வரவில்லை. எட்டுத் தொட்டிகளில் மறுநாள் விற்பனைக்குப் போகவேண்டிய குஞ்சுகள் இருந்தன. அத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் இல்லாமல் போனதில் எனக்குக் காது அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்துக் கொட்டகையிலும் பாட்டு நின்றிருந்தது. நான் போவதற்குள் அவர்களே வெளியே வந்துவிட்டார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றார் டிரம்ஸ்காரர்.

"ஜெனரேட்டர் வரலை. காற்று இல்லைன்னா எல்லாம் செத்துடும்."

அவர் நேராக ஜெனரேட்டர் அறைக்குப் போனார். "டீசல் லைன்ல காத்து பூந்துகினு கீது. டைம் ஆவும். அதுவரைக்கும் எதுனா பண்ணுங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

செய்ய முடிந்தது ஒன்றுதான். வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றைக் கூட்டிக்கொண்டு போகும். நான் இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் நின்றேன். கித்தார்க்காரர் இரண்டு. பாடுகிறவள் இரண்டு. அவளுடைய தந்தை வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, "எனக்கு எது?" என்றார்.

பத்து நிமிடத்தில் கை கழன்றுவிடும் போலிருந்தது. ஆளுக்கொரு வேகத்தில் ஊற்றினோம், மூச்சு வாங்க நின்றோம். அப்போது அவள் எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, மறுபடி ஒண்ணு. அஞ்சில் ஊற்றவேண்டும். எல்லோரும் அவள் குரலுக்குக் கட்டுப்பட்டோம். கொஞ்ச நேரத்தில் எண்கள் இழுபட்டன, வளைந்தன, பாட்டாகிவிட்டன. கித்தார்க்காரர் அஞ்சில் ஊற்றாமல் அதற்கு அரைக்கணம் பிந்தி ஊற்றினார். வேண்டுமென்றே செய்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. தண்ணீர் விழும் ஓசை அந்தக் கொட்டகை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வந்தது. என் முதுகு வலித்தது, பயமும் போகவில்லை. ஆனாலும் என் வாழ்வில் நான் கேட்ட முதல் கச்சேரி அதுதான் என்று சொல்வேன்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஊற்றினோம். பிறகு ஜெனரேட்டர் உறுமியது. டிரம்ஸ்காரர் முழங்கைவரை டீசலோடு வந்து, "என்னடா மச்சான், நா இல்லாத நேரத்துல பாட்டு கட்டிக்கினீங்களா?" என்றார். இரண்டு தொட்டிகள் போய்விட்டன. ஆறு பிழைத்தன. சாயங்காலம் முதலாளி வந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். சட்டை நனைந்து நின்ற பெரியவரிடம் போய், "உள்ளே வாங்க பாய், டீ சாப்பிடலாம்" என்றார். அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அடுத்த வாரம் நான் கேட்டது வேறு குழு. டிரம்ஸில் பாதியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். அஞ்சு எண்ணிக்கைத் தாளம். காலித் தொட்டிக்குள் இறங்கி நின்று அவள் தமிழில் பாடினாள்; சிமெண்ட் சுவர்கள் அவள் குரலைத் திருப்பித் திருப்பி அனுப்பின. கித்தார் எப்போதாவதுதான் வந்தது. முன்பு யாரையோ போல இருந்தவர்கள், இப்போது யாரைப் போலவும் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் மாமல்லபுரத்தில், கடற்கரைத் தெரு உணவகம் ஒன்றின் மொட்டை மாடியில் முதன்முதலாக வெளியாட்கள் முன்னால் வாசித்தார்கள். மாலை வெயில். முப்பது பேர் இருந்திருப்போம். அலைச்சறுக்குக்காரர்கள், சில வெளிநாட்டுக்காரர்கள், குப்பத்திலிருந்து வந்த கித்தார்க்காரரின் அம்மா. முதல் பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால், எல்லோரும் அடுத்தது வரட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கித்தார்க்காரரின் அம்மா மட்டும் பக்கத்திலிருந்த என்னிடம், "அவ்ளோதானா, இன்னும் கீதா?" என்று மெல்லக் கேட்டார்.

முதல் தொகுப்பு இணையத்தில் வந்தது. அவர்களைச் சென்னை கூப்பிட்டது, பிறகு பெங்களூர். கொட்டகை மறுபடி காலியானது. எனக்கும் கல்யாணமாகி, வேலை செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாறியது. இரண்டாவது தொகுப்பு வந்த அன்று மதிய இடைவேளையில் ஆசையாகக் கேட்டேன். தண்ணீர் இல்லை, தொட்டியின் எதிரொலி இல்லை. கணினியில் அவள் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, தலைகீழாக ஓடவிட்டிருந்தார்கள். நாலாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். எனக்கு வந்த கோபம் எனக்கே புரியவில்லை. அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "இது நீங்க இல்லை."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, நாங்க எப்பவும் அந்தக் கொட்டாயிலயே இருக்கணுமா?"

நான் பதில் எழுதவில்லை. முதலில் கோபத்தில் எழுதவில்லை. பிறகு வெட்கத்தில். வெட்கம் வந்த பிறகு நாட்கள் மாதங்களாகின, அதற்குமேல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு சில வருடங்கள் அம்மா வீட்டோடு, மதுராந்தகத்திலிருந்தே ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் காலை ரயில் கருங்குழி தாண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் நகரவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. எப்போதோ இறக்கி வைத்திருந்த அந்த இரண்டாவது தொகுப்பு மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டேன். இந்த முறை நாலாவது பாட்டைத் தாண்டிப் போனேன். ஐந்தாவதில், வெட்டப்பட்ட குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒரு பெரிய கூட்டம் பாடுவது போலாயிற்று. எல்லாக் குரலும் அவள் ஒருத்தியுடையது. ஊரை விட்டுப் போய்த் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து அவள் செய்தது இது என்று தோன்றியதும், ரயில் பெட்டியில் அழுகை வந்துவிட்டது. எதிரில் இருந்த பூக்கார அம்மா, "ஒடம்பு முடியலையா கண்ணு?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

மூன்றாவது தொகுப்பு போன வருடம் வந்தது. அதில் கித்தாரே இல்லை. கித்தார்க்காரர் குழுவை விட்டுவிட்டார் என்று படித்தேன். மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துக் கடப்பாக்கம் போனேன். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் வழியில், கழிமுகத்துக்கு எதிரே, சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிப் போகிறவர்களோடு நின்றிருந்தார். தாடியில் நரை. என்னைப் பார்த்ததும், "இன்னா மேடம், எறா எல்லாம் நல்லா கீதா?" என்றார்.

படகு விளிம்பில் உட்கார்ந்தோம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"சண்டை எல்லாம் இல்லம்மா. எனக்கு அங்க மூச்சு முட்டிச்சி. காலையில எயிந்தா கடல் இல்ல. அதுங்க ரெண்டும் அங்கதான் இருந்தாவணும், நா இங்கதான் இருந்தாவணும்."

"புதுசைக் கேட்டீங்களா?"

"வந்த அன்னிக்கே கேட்டேன். நல்லா கீது." படகின் கயிற்றை இழுத்துக் கட்டினார். "நா இருந்தா இப்டி வந்திருக்காது. மூணாவது பாட்டுல ஒரு இடம் சும்மா வுட்டுக்கிறாங்க பாரு. நா இருந்திருந்தா அங்க எதுனா வாசிச்சிருப்பேன். சும்மா வுட்டிருக்க மாட்டேன்."

அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது, பழைய கொட்டகையில் புதிதாக ஒன்று பிடிபட்ட நாட்களில் பேசுவது போலவே, கை காற்றில் தந்தி தேடிக்கொண்டிருந்தது. அங்கேயே மீன் வறுத்து விற்கும் அவருடைய மனைவி எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு நாலு மணிப் பேருந்தில் ஏறினேன்.

பேருந்தில் உட்கார்ந்து அவளுக்குச் செய்தி எழுதினேன். மன்னிப்பு என்று தொடங்கி நீளமாக எழுதி, அழித்தேன். கடைசியில், "மூணாவது கேட்டேன். ரெண்டாவதையும் அப்புறம் ஒழுங்காக் கேட்டேன். அஞ்சாவது பாட்டை எத்தனை நாள்ல செஞ்சே?" என்று மட்டும் அனுப்பினேன்.

செய்யூர் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. "அக்கா! அதைப் பத்தி யாருமே கேட்டதில்லை. நாலு மாசம். சொல்றேன், நேரம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவள் எழுத எழுத நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். மதுராந்தகத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துனர் வந்து, "எறங்கலையாம்மா?" என்று கேட்கவேண்டியிருந்தது.