அவளுக்காக நான் போட்ட டிக்

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் நானும் அவளும் முப்பத்தோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை. அறுபது வயதும் ஒரே மாதத்தில் வந்தது. ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்ததில் ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். மீதியை மாதாந்திர பென்ஷனாக மாற்றியே ஆகவேண்டும் என்பது விதி. எந்த வகைப் பென்ஷன் என்று படிவத்தில் டிக் போட வேண்டும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் புருஷன் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு நிற்பார். மழை நாளில் அவளுக்கென்று தனியாக ஒரு ரெயின்கோட் கொண்டுவருவார். அதை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்டாப்புக்கு நடப்பேன். இத்தனை வருடம் பார்த்தும் அது எனக்குப் பழகவில்லை.

"எனக்கு இந்த இங்கிலீஷ் எல்லாம் புரியாதுடி. நீயே பாத்துப் போட்டுடு," என்று படிவத்தை என்னிடம் தந்தாள்.

ஒரு வகையில் மாதத் தொகை அதிகம். ஆனால் அவள் காலத்தோடு நின்றுவிடும். இன்னொன்றில் கொஞ்சம் குறைவு. அவளுக்குப் பிறகு கணவருக்கு வரும். அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் படிவத்தில் அந்த வரிக்கு வேலையே இல்லை. பெயின்டிங் வேலைக்குப் போகும் அவருக்குப் பென்ஷன் கிடையாது என்றும் எனக்குத் தெரியும். முதல் வகையில் டிக் போட்டேன்.

"இதுலதான் மாசாமாசம் ஜாஸ்தி வரும்," என்றேன். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கேன்டீனில் எல்லோரிடமும், "இவ பாத்துக் குடுத்துட்டா, இனிமே எனக்குக் கவலையில்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைப் பாதியில் மூடினேன். எழுந்து ஆபீசுக்குப் போய், அவள் படிவம் அனுப்பியாச்சா என்று கேட்டேன்.

"சாயங்காலம் அனுப்பறோம்மா. பென்ஷன் ஆரம்பிச்சுட்டா அப்புறம் மாத்த ஆகாது," என்றார் கிளார்க்.

படிவத்தைத் திரும்ப வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். இரண்டு வகையையும் விளக்கினேன்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏண்டி?"

"பொறாமைடி. உனக்கு அவர் இருக்கார்னு."

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு புதுப் படிவம் வாங்கி, கிளார்க்கிடமே கேட்டுக் கேட்டு நிரப்பினாள். வேலையின் கடைசி நாள்வரை என்னோடு பேசினாள், ஆனால் வேலை விஷயம் மட்டும். ஓய்வுக்குப் பிறகு அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போனேன். பந்தியில் என் இலைக்கு அவளே பாயசம் ஊற்றினாள்.